மார்கழியில் ஏற்றிய வேகம்

திரையில் வளையம் சுற்றுகிறது.

கம்ப்யூட்டரை வாங்க வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பல்லடத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். கம்ப்யூட்டர் சூடு தாங்குகிறதா என்று பார்க்க அவர்தான் அந்த வளையத்தைச் சுற்றவிட்டிருந்தார். சோதனை முடியாமல் எழுந்திருக்கிற ஆள் இல்லை.

அவள் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

சாத்திக் கிடந்த ஜன்னலோரம் அவள் புருஷன் நின்றான். வளையத்தைப் பார்க்கவில்லை. அது நிற்காது என்று தெரியும்.

இந்தக் கம்ப்யூட்டரில்தான் அவள் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டினாள். தானே கற்றுக்கொண்டது. தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளத்தை எங்கே ஏற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. அவன் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறான்.

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை.

கிராபிக்ஸ் கார்டுக்குள் ஒரு சின்ன நிரல் இருக்கிறது. எவ்வளவு வேகம், எவ்வளவு மின்சாரம் என்று கார்டுக்குச் சொல்வது அதுதான். போன மார்கழியில் அதை மாற்றி எழுதினான். அவள் வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான். பகல் முழுக்க ஓட்டிப் பார்த்தான். ஒரு தடங்கல் இல்லை. அவளிடம் சொல்லவில்லை. தானாகத் தெரிந்து ஆச்சரியப்படட்டும் என்று விட்டுவிட்டான்.

அன்று ஜன்னல் திறந்திருந்தது. குளிர்காற்று வந்துகொண்டிருந்தது.

மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை.

சித்திரை வந்தது.

வேலைக்கு நடுவில் திரை இருண்டது. மறுநாளும் இருண்டது.

"நாந்தான் என்னமோ தப்பா அமுக்கீட்டனாட்ட இருக்குது" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம்.

வேகம் ஏற்றினால் கார்டு கூடுதலாகச் சூடாகும்; வெயிலை அவன் கணக்கில் எடுக்கவில்லை. அந்த நிமிடமே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பழையபடி மாற்றிவிட மனம் வரவில்லை. அவள் இல்லாத நேரம் பார்த்து வேகத்தைத் துளி குறைத்தான். பிறகு இன்னும் துளி. ரெண்டு நாள் ஓடும். மறுபடி இருண்டுவிடும்.

அவள் ஒவ்வொரு வெட்டுக்கும் சேமித்தாள். புது மவுஸ் வாங்கினாள். பயந்து பயந்து விரலை வைத்தாள்.

வீடியோ தாமதமானதற்கு ஒரு மாப்பிள்ளையின் அக்கா போனில் கத்தினாள். "என் தப்புத்தானுங்க, என் தப்புத்தானுங்க" என்று இவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில்தான் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

வைகாசி முகூர்த்தம் தொடங்கியபோது வேலை வாங்குவதை நிறுத்திவிட்டாள். விற்றுவிடலாம் என்று அவளேதான் சொன்னாள்.

நேற்று அவள் மாவு அரைக்கப் போயிருந்தாள். அவன் பென் டிரைவைத் தேடி எடுத்தான். கார்டின் பழைய நிரல் அதில் பத்திரமாக இருந்தது. அதையே திரும்ப ஏற்றினான். டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

வாங்குகிற மனுஷனை ஏமாற்றக் கூடாது இல்லையா.

முன்பின் தெரியாத ஒருவருக்குச் செய்ததை அவளுக்குச் செய்யவில்லை. இப்போது இந்த ஜன்னலோரம் நிற்கையில்தான் அது உறைத்தது. வெட்கமாக இருந்தது.

ஸ்டுடியோக்காரர் மோரைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"மிசினு தங்கமாட்ட ஓடுதுங்க. இதப் போயி ஏனுங்க விக்கறீங்க?"

"மிசின்ல ஒரு குறையுமில்லீங்க" என்றாள் அவள். "எனக்குத்தான் வரல."

பிறகு அவன் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபமில்லை. சிரிக்கக்கூடச் செய்தாள்.

"ஏனுங்க, என் தப்புத்தான்னு நான் அப்பவே சொன்னனில்லீங்க?"

அறை தகித்தது. வளையம் ஒரு தடவைகூட நிற்காமல் சுற்றி முடிந்தது.

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.