பெர்ச்சுக்கு அவசரம் ஆகாது

உறைந்த ஏரியில் போட்ட துளையின் மேல் குறுக்கே வைத்த தூண்டில் கட்டையில், மீன் கடித்ததைக் காட்டும் ஆரஞ்சுக் கொடி துள்ளி நிமிர்ந்தது. அர்லீன் பனிமேல் வழுக்கி ஓடிப்போய் தூண்டில் நரம்பை வெடுக்கென்று இழுத்தாள்.

வெறும் முள் மேலே வந்தது.

"உன் புருஷன் பாத்திருந்தான்னா தலையில அடிச்சிக்கிட்டிருப்பான்," என்றான் டுவேன், கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தபடியே. சொன்ன பிறகுதான் அவனுக்குச் சுருக்கென்றது. குனிந்து இரைமீன்களைக் கிளறத் தொடங்கினான்.

போன குளிர்காலத்தில் இதே ஏரியில்தான் அவள் புருஷன் லீலண்டின் இதயம் நின்றது. டுவேன் அப்போது கூப்பிடு தூரத்தில் இருந்தான். யாராவது உடனே பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஒரு நர்ஸ் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தார்கள். அதற்குள் உடம்பு ஆறியிருந்தது.

டுவேன் ஏன் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை?

அதைக் கேட்கத்தான் அர்லீன் இன்று அவனோடு வந்திருந்தாள். மீனுக்காக அல்ல. காலையிலிருந்து அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் டுவேன் தூண்டிலைப் பற்றியே பேசினான்.

முள் பெரிசு என்று சொல்லி, அரிசிமணி அளவில் ஒன்றை மாற்றிக் கட்டினான். நரம்பின் நுனியில் மயிரிழை போன்ற மெல்லிசு நரம்பை ஒரு முழம் சேர்த்தான். இரைமீனை முதுகுத் தோல் மட்டும் பிடிக்கும்படி கோத்தான். பிராந்தி ஊற்றிய காப்பியை அவளிடம் நீட்டினான்.

மறுபடி கொடி எழுந்தது. இந்த முறை நடந்தே போனாள், மெதுவாகவே இழுத்தாள். ஒரு கனம், ஒரு துடிப்பு. பிறகு ஒன்றுமில்லை.

"பெர்ச்சு கள்ளப்பய மீனு, அர்லீன். கொடி எழுறதுக்குள்ள மென்னு துப்பிடும். கட்டைய ஓரமா எடுத்து வை. நரம்ப விரல்ல புடிச்சிக்கிட்டு, குப்புறப் படுத்து உள்ள பாரு. வாயில வாங்கித் தலையத் திருப்பும், அப்பதான் சுண்டணும். லீலண்டு அப்படித்தான் புடிப்பான். ஒண்ணு தப்பாது."

படுத்தாள். வெளிச்சம் கூசியது. துளைக்குள் வானம்தான் தெரிந்தது.

"கோட்டக் கழட்டித் தலைக்கு மேல போட்டுக்க."

போட்டுக்கொண்டாள். சுற்றிலும் இருட்டியதும் ஏரி திறந்துகொண்டது. பச்சைத் தண்ணீர், அடியில் பாசி, நடுவில் அவளுடைய இரைமீன். உடம்பெல்லாம் பட்டை போட்ட பெர்ச் ஒன்று வந்து மூக்கால் முட்டியது. வாயில் வாங்கியது. துப்பியது. மறுபடி வாங்கித் தலையைத் திருப்பியது.

சுண்டியிருக்க வேண்டும். அதற்குள், காதுக்குக் கீழே பனியில் காலடிச் சத்தம் கேட்டது. கனமான பூட்ஸ். பக்கத்து மீன்பிடிக் குடிலிலிருந்து யாரோ வருகிறார்கள்.

"கிட்டப் போகாதய்யா," என்றான் டுவேன், ரகசியக் குரலில். "உள்ள பாத்துக்கிட்டிருக்காங்க. காலடி கேட்டா மீனு கலைஞ்சிடும்."

நூறு தடவை சொல்லிப் பழகிய குரல்.

பூட்ஸ் நின்றது. பிறகு பதமாக அடிவைத்துத் திரும்பிப் போனது.

அர்லீனின் மூச்சு கோட்டுக்குள்ளேயே சுழன்றது. லீலண்டைக் கரைக்குக் கொண்டுவந்தபோது அவன் தலைமேல் அவனுடைய கோட்டுதான் கிடந்தது. இறந்தவன் முகத்தை யாரோ மரியாதையாக மூடியிருக்கிறார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். மீன் பார்க்க அவனே போட்டுக்கொண்டது.

கேட்க இனி ஒன்றுமில்லை.

எழுந்திருக்கலாம். எழவில்லை. நரம்பு விரலைவிட்டு நழுவிப் போனது. முதலில் கை மரத்தது, அப்புறம் கன்னம். டுவேன் தன்னை எவ்வளவு நேரம் இப்படியே விட்டுவைக்கிறான் என்று பார்க்க, அசையாமல் கிடந்தாள்.

டுவேன் வாளியைவிட்டு எழவே இல்லை. இடையில் ஒருமுறை அவன் இருமுவது மட்டும் கேட்டது, மீன் கலையாதபடி, கையுறைக்குள்.