வெள்ளைப் பென்சில்

இன்றோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் போனேன்.

உள்ளே நுழைந்ததுமே சொல்லியிருக்க வேண்டும். மரத்துப்போகும் களிம்பைத் தலை முழுக்கத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளையும் நர்ஸ் சுற்றிவிட்ட பிறகு எப்படிச் சொல்வது? எதையும் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்ல எனக்கு வராது.

இது ஐந்தாவது மாதம். தலைத்தோலுக்குள் சின்னச் சின்ன ஊசியாக மருந்து ஏற்றினால் முடி தடிக்கும் என்றார்கள். தடித்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதே கண்ணாடி, அதே வெளிச்சம், அதே கோணம் என்று வைத்துப் பார்த்தேன். ஒருநாள் முடி இருப்பதுபோல் தெரிந்தது. மறுநாள் இல்லை.

வலி மட்டும் பழகவில்லை. பின்மண்டையில் பரவாயில்லை. முன்நெற்றி ஓரத்தில் ஊசி இறங்கும்போது, யாரோ மணலை மிதிப்பதுபோல் ஒரு சத்தம் காதுக்கு உள்பக்கமிருந்து கேட்கும். பிறகு இரண்டு நாளைக்கு நெற்றி வீங்கிக் கண்ணுக்கு மேல் தொங்கும்.

மாலை வகுப்பில் என் பெயர் ரன்வே. "ரன்வேயில வேலை நடக்குது, இன்னிக்கு எல்லா ஃபிளைட்டும் லேட்டு" என்று பக்கத்தில் உட்காருபவன் சொன்னபோது நானும் சேர்ந்துதான் சிரித்தேன். எனக்கு அது பெரிய விஷயமாக இல்லை.

அம்மாவுக்குத்தான் பெரிய விஷயம்.

இந்த இடத்தை விசாரித்துக் கண்டுபிடித்ததே அவள்தான். ஒருநாள் வேலை முடிந்து வந்தேன். வாசல் விளக்கு பழுது. அந்த அரை இருட்டில், குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே உள்ளே காலை வைத்தேன். அம்மாவின் கையிலிருந்த கண்ணாடி ஜக் விழுந்து உடைந்தது. அவள் ஒரு கையை முகத்துக்கு நேரே தூக்கினாள். சில்லு தெறித்துவிடும் என்று பயந்திருப்பாள். நான்தான் கூட்டி அள்ளினேன்.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தாள். "முடிக்கு ஏதாவது பண்ணுடா. இப்படியே விட்டா எவ உன்னைக் கட்டிப்பா?"

அன்றிலிருந்து அதே பேச்சு. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கேட்பாள்: "அடுத்த ஊசி எப்போ?"

ஒவ்வொரு முறையும் கூடவே வருவாள். ஊசியைப் பார்க்க மாட்டாள், வெளியே உட்கார்ந்துகொள்வாள். இன்று வெளியே சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். நெடி தாங்காமல் இருமினாள். நர்ஸ் உள்ளே கூட்டிவந்து மூலையில் ஒரு நாற்காலி போட்டாள்.

"கண்ணை மூடிக்குங்கம்மா. உங்க புள்ள கத்தமாட்டாரு. கத்தினா வாயில பஞ்சு வச்சுடறேன்."

டாக்டர் புதியவர். முன்பு இருந்தவர் வேலையை விட்டுவிட்டாராம். தாளைப் பிரித்துக் களிம்பைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பென்சிலால் என் நெற்றிக்கு மேல் கோடு போட்டார். முடி பின்வாங்கி நிற்கும் எல்லை அது. அதை ஒட்டித்தான் முதலில் குத்துவார்கள்.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அப்பாவுக்கு எப்படி? அவருக்கும் கொட்டிச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியாது டாக்டர்."

பழைய டாக்டரிடமும் இதைத்தான் சொன்னேன். நான் பேசப் பழகுவதற்கு முன்பே அப்பா போய்விட்டார். வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. எப்படி இருப்பார் என்று கேட்டால், முகமே மறந்துபோச்சு என்பாள் அம்மா.

"ரெண்டு பக்கமும் உள்ள வாங்கியிருக்கும்."

மூலையிலிருந்து அம்மாதான் சொன்னாள். பென்சில் நின்றது.

கண்ணைத் திறக்காமலே பேசினாள். "நடுவுல மட்டும் நாக்கு மாதிரி கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கும். இடது பக்கம் இன்னும் ஏறியிருக்கும்." சொல்லிக்கொண்டே ஆட்காட்டி விரலால் தன் நெற்றியில் வரைந்தாள். விரல் எங்கேயும் யோசிக்கவில்லை.

"அட, அப்படியே சொல்றீங்களேம்மா" என்று சிரித்துக்கொண்டே டாக்டர் கைக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

"செருப்பைக் கழட்டக் குனிஞ்சுக்கிட்டேதான் உள்ள வருவார்" என்றாள் அம்மா. "முதல்ல அதுதான் தெரியும். முகத்தை நிமுந்து பாக்க விட்டாத்தானே, அதுக்குள்ள அடி விழும்."

நர்ஸ் பஞ்சை எடுத்து, எதையும் துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியில் வெள்ளைக் கோடு இரண்டு பக்கமும் உள்ளே போயிருந்தது. இடது பக்கம் இன்னும் ஏறியிருந்தது.

"நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க" என்றார் டாக்டர்.

"அடுத்தது எப்போ வரணும்னு கேக்க வந்தேன்."

ஊசி இறங்கியது. மணல் சத்தம் கேட்டது. நான் கத்தவில்லை.

திரும்பி வரும்போது அம்மாவை முன்னால் அனுப்பிவிட்டு, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். வாசல் விளக்கை இன்னும் மாற்றவில்லை. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

குனியாமல், நின்றபடியே காலால் ஷூவை உதறினேன்.

"நான்தாம்மா" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.