இப்போ எங்கன நிக்காரு?

“தம்பி, எங்க வீட்டுக்காரரு என்ன வேஷத்துல, எங்கன நிக்காருன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. சீக்கிரம்!”

குலசேகரன்பட்டினம் தசராவின் கடைசி நாள் பிற்பகல். உதவி மைய மேசையைப் பிடித்துக்கொண்டு நின்ற முத்துராணிக்கு மூச்சு வாங்கியது. வெளியே காளி, குரங்கு, கரடி, ராஜா என்று ஊரே வேஷத்தில் திரிந்தது. பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாது.

“பேரு, ஊரு சொல்லுங்கக்கா” என்றான் மகேஸ்வரன். பாளையங்கோட்டையில் மென்பொருள் எழுதுகிறவன். வேஷம் கட்டியவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்து, அவர்கள் கடக்கும் முகாம்களில் எல்லாம் பதிவு செய்கிற ஏற்பாடு அவனுடையது.

“இசக்கி. தச்சநல்லூர் குழுவோட வந்திருக்காராம். இப்பத்தான் ஒருத்தி சொன்னா. நான் அவரைப் பாத்தே மூணு வருசமாச்சு.”

மகேஸ்வரனுக்கு மனசு இளகிவிட்டது. பெயரைத் தட்டினான். ஒன்றுமில்லை என்றது கணினி.

“இல்லையா?” அவள் முகம் வெளுத்தது.

“இருக்கும்கா. விவரமெல்லாம் ஜேசன்னு ஒரு வடிவத்துல வருது. ஊருக்குள்ள குழு, குழுவுக்குள்ள ஆளு, ஆளுக்குள்ள வேஷம். டிபன் கேரியர் மாதிரி. என் ஜாவா புரோகிராம் மேல் தட்டை மட்டும் திறந்து பாத்துட்டு சோறே இல்லைன்னு சொல்லுது.”

“சோறெல்லாம் அப்புறம் வச்சுக்கிடலாம், ஆளைப் பாருங்க தம்பி!”

வாசலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் வரிகளைத் திருத்தி, ஒவ்வொரு அடுக்காக இறங்கினான்.

“இந்தா! கரடி வேஷம். பஸ் ஸ்டாண்டு முகாம்.”

“எத்தனை மணிக்கு?”

“காலைல ஏழு…” நாக்கைக் கடித்துக்கொண்டான். பதிவுப் பட்டியலில் எப்போதும் முதலாவதையே எடுக்கும்படி எழுதித் தொலைத்திருந்தான்.

“காலைல நின்ன இடம் எனக்கு எதுக்கு? இப்போ எங்கன நிக்காரு?” கிட்டத்தட்ட அழுதேவிட்டாள்.

“மைக்குல கூப்புடட்டா? அவரே இங்கன ஓடி வந்துருவாரு.”

“ஐயோ, வேண்டாம்! இடத்தை மட்டும் சொல்லுங்க.”

கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இப்படித் தவிக்கிற மனைவி கிடைக்க அந்தக் கரடி கொடுத்துவைத்திருக்க வேண்டும். பட்டியலின் கடைசிப் பதிவை எடுக்கும்படி மாற்றி, மறுபடி ஓடவிட்டான்.

“கடற்கரை முகாம்! ரெண்டு நிமிசத்துக்கு முன்னால பதிஞ்சிருக்கு. ஓடுங்கக்கா, புடிச்சிரலாம்!”

“நல்லா இருப்பீய தம்பி.” கும்பிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள்.

“அக்கா, கடற்கரை இந்தப் பக்கம்!”

முத்துராணி முந்தானையைத் தலையோடு இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். “தெரியும் தம்பி. இந்தத் தடவை சிக்குனேன்னா என்னைய உசிரோட விடமாட்டான்.”