லட்சுமிக்கு ஆறு விரல்

இந்தக் கதையைப் பன்னிரண்டு வருஷமாக நான் முழுசாக நம்பியதில்லை. நம்பாமலேயே நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

எனக்குச் சொன்னவர் பேச்சிமுத்து. பெரியகுளத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். நான் அங்கே கணக்கு வாத்தியார்.

1934இல் பேச்சிமுத்துவுக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று பெண்பிள்ளைகள். மானாவாரி நிலம் இரண்டு வருஷமாக விளையவில்லை. படம் வரையக் கற்றுக்கொண்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று பழனிசெட்டிபட்டிக்குப் போய் வைகுண்டராஜிடம் சேர்ந்தார். கடைகளுக்குப் போர்டு எழுதி, சாமி படம் வரைந்து, கேட்டு வருகிறவர்களுக்குக் கற்றும் கொடுத்துக் காலம் தள்ளியவர் வைகுண்டராஜ். வாத்தியாருக்கு வயது இருபத்துநாலு. மாணவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

"அவன் திருட்டுப்பய சார்" என்றுதான் பேச்சிமுத்து எப்போதும் ஆரம்பிப்பார். "வரையுறது நானு. கீழ பேரு மட்டும் அவன் பேரு."

முதல் படம் கம்பத்தில் ஒரு மூக்குப்பொடிக் கடைக்குப் புலி. எட்டு நாள் வேலை. மூலையில் 'வைகுண்டராஜ்' என்று கையெழுத்து. கடைக்கார மலைச்சாமி அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குப் பால் ஊத்தணுமா?" என்று கேட்டாராம்.

இரண்டாவது, சின்னமனூர் வண்டிப்பேட்டைக்கு ஒரு காளை. பின்னங்கால் இரண்டும் முன்பக்கமாக மடிந்துவிட்டன. மாடு உட்காரப் போகிறதா, சாமி கும்பிடப் போகிறதா என்று வண்டிக்காரர்கள் பந்தயம் கட்டினார்கள். அதற்கும் வைகுண்டராஜ் கையெழுத்துதான்.

மூன்றாவது, தேனியில் ஒரு பஞ்சுக் கடைக்கு லட்சுமி. காசு கொட்டுகிற கையில் ஆறு விரல். கடைக்கார அக்கம்மாள், "ஆறு விரல்ல கொட்டுனா கூடத்தான கொட்டும்" என்று படத்தைக் கடையில் மாட்டிவைத்தாள்.

மூன்று ஊரும் சிரித்தது. போர்டு எழுதக் கேட்டு வந்தவர்கள்கூட, "வைகுண்டராஜா? பூனை வரைஞ்சாகளே, அவுகளா?" என்று திரும்பிப் போனார்கள்.

"ஒவ்வொரு தடவையும் கேட்டேன் சார், என் பேரைப் போட்டா என்னன்னு. 'உங்க பேருக்கு இன்னும் நாள் இருக்குண்ணே, இது என் பேருல போகட்டும்'னான். எம்புட்டுப் பேராசை பாருங்க."

அப்போதுதான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு டிராயிங் மாஸ்டர் தேவைப்பட்டார். வேலை கேட்பவர் ஒரு படம் வரைந்து கொடுக்க வேண்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. பேச்சிமுத்து சரஸ்வதிக்குக் கோடு போட்டு முடித்த அன்றைக்கு மலைக்காய்ச்சல் பிடித்தது. பத்து நாள் கழித்து எழுந்து போய்ப் பார்த்தால், படம் முடிந்து நின்றது.

"கோடெல்லாம் என்னுது சார். அவன் சும்மா வர்ணத்தத் தொட்டிருப்பான். ஆனா இந்தத் தடவ பேரு பேச்சிமுத்துன்னு போட்டிருந்தான். நான் விடமாட்டேன்னு பயந்துட்டான்."

படம் வந்த அன்று நானும் இருந்தேன். பேச்சிமுத்துவால் இன்னும் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. வைகுண்டராஜ்தான் அதைத் தலையில் சுமந்து வந்தார். கமிட்டித் தலைவர், "நீங்களும் வரையுறவருதான, வேலைக்கு மனுப் போடலையா?" என்று கேட்டார்.

அவர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "லட்சுமிக்கு ஆறு விரல் போட்டவுக இவுகதான்."

எல்லோரும் சிரித்தார்கள். வைகுண்டராஜும் சிரித்தார்.

வேலை பேச்சிமுத்துவுக்குக் கிடைத்தது. மறு வருஷம் ஒரு போர்டு வேலைகூட இல்லாமல் வைகுண்டராஜ் குமுளி வழியாக மலையேறிப் போய்விட்டார். அப்புறம் தகவல் இல்லை.

திருடுகிறவன் மட்டமான மூன்றை எடுத்துக்கொண்டு நல்லதை விட்டுவிட்டுப் போவானா? இது எனக்கு ஆரம்பத்திலேயே தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால், அன்றைக்கு என் வாயிலிருந்து வந்ததற்கு நானும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

போன மாதம் பள்ளிக்கூட ஆண்டு விழா. மேடைக்குத் தினைப்புனம் காக்கிற வள்ளியை வரைந்தார் பேச்சிமுத்து. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கவண் பிடித்த கையில் ஐந்து விரலை அழகாக முடித்தார். ஓரடி தள்ளி நின்று பார்த்தார். "அடடா, கட்டைவிரல மறந்துட்டேன்" என்று அதையும் சேர்த்தார்.

நான் எண்ணிச் சொன்னேன். அசரவில்லை. "அது கவண் கயிறு சார்" என்றார்.

நேரே, அந்தப் படம் மாட்டியிருக்கிற தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன். பன்னிரண்டு வருஷமாகத் தினம் காலையில் கும்பிடுகிற சரஸ்வதி. கும்பிட்டேனே ஒழிய எண்ணியதில்லை. கணக்கு வாத்தியாருக்கு இதைவிட அவமானம் வேறு இல்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, இரண்டு தடவை எண்ணினேன்.

திரும்பி வந்தபோது, புதிதாகச் சேர்ந்த தமிழ் வாத்தியார் சின்னக்கருப்புவை உட்காரவைத்து, "அவன் திருட்டுப்பய சார்" என்று பேச்சிமுத்து ஆரம்பித்திருந்தார். புலி முடிந்து காளை வரும் வரைக்கும் பொறுத்திருந்தேன். அப்புறம் கேட்டேன்:

"பேச்சிமுத்து, நம்ம சரஸ்வதிக்கு நாலு கை. மறைஞ்சது போகப் பதினேழு விரல் தெரியுது. ஒரு கையிலகூட ஆறாவது விரல் இல்லையே, அது எப்படி?"