உள்ளே ஓடும் ஒயர்

ஒரு சைக்கிளில் இரண்டு பிரேக் ஒயர்கள் இருந்தன. முன்பிரேக் ஒயர் வெளியே தொங்கியது. பின்பிரேக் ஒயர் சட்டத்துக்குள் ஒளிந்து ஓடியது. பார்த்தவர்கள் எல்லாம், "ஒயரே தெரியலையே, என்ன அழகு!" என்றார்கள். உள் ஒயருக்கு அதில் ஏகப் பெருமை, மழைத்தண்ணீர் சட்டத்துக்குள் இறங்கித் தேங்கும் வரை. இப்போது அதன் இழைகளில் பாதிக்கு மேல் துருப்பிடித்து அறுந்துவிட்டன. நாளைக்கு மலைப்பாதையில் இறங்க வேண்டும்.

"அண்ணே, பயமா இருக்கு," என்றது உள் ஒயர் வெளி ஒயரிடம்.

"மெக்கானிக் பார்ப்பாரே?"

"உன்னைத்தான் விரலால தடவிப் பார்க்கிறார். என் பக்கம் சட்டத்தைத் துடைக்கிறதோட சரி."

"அப்போ கிறீச்சுன்னு கத்து."

"பேர் கெட்டுடுமே!"

"பேரா வந்து பிரேக் பிடிக்கப்போகுது?"

மறுநாள் காலை சைக்கிள் கடை வாசலில் உள் ஒயர் வெட்கத்தை விட்டு அலறியது. மெக்கானிக் குனிந்து காது கொடுத்தார். உள் ஒயருக்கு உயிர் வந்தது. அவர் ஒயர் நுழையும் துளையில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, பிரேக்கை இருமுறை அழுத்தினார். சத்தம் நின்றது. சைக்கிள்காரரிடம் சொன்னார்:

"சரியாயிடுச்சு சார். ஒயர் உள்ளே பத்திரமா இருக்கு, தைரியமா இறங்குங்க."

சைக்கிள் கிளம்பியது. வெளி ஒயர் தன்னை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டது.