மூன்றாவது காபி

அடுப்பிலிருக்கும் செம்புக் குடுவையில் சாயங்கால வெயில் மின்னுகிறது. வாசலில் முஸ்லிம்களை ஊரைவிட்டு ஏற்றிப்போக வந்த பஸ் உறுமிக்கொண்டிருக்கிறது. எங்கள் போஸ்னியாவில் வரவேற்க ஒரு காபி, பேச ஒரு காபி; மூன்றாவதை வீட்டுக்காரி ஊற்றினால் விருந்தாளி கிளம்பிவிட வேண்டும். இந்த முஸ்லிம் வீட்டுக்காரி நெவ்சேதா இரண்டோடு நிறுத்தியிருக்கிறாள். எதிரே பட்டாள உடுப்பில், மடியில் துப்பாக்கியோடு, பக்கத்து வீட்டு செர்பியன் ஓஸ்தோயா. "என் மகன் எங்கே தம்பி? நீதானே கூட்டிட்டுப் போனே?" "ரேடியோ கேக்கலையாக்கா? உங்க ஆளுங்க எங்கள வெட்டப் போறாங்களாம்." "யாரு, நானா? உன் பிள்ளைக்குப் பால் காய்ச்சிக் குடுத்தவளா?" அவன் எழுந்து, கொதிக்கும் குடுவையை எடுத்து அவள் கோப்பையின் மேல் சாய்க்கிறான். அவள் கோப்பையைக் கையால் மூடிக்கொள்கிறாள். அவன் அவள் விரல்கள் மேலேயே ஊற்றுகிறான். அவள் கையை எடுக்கவில்லை.