ஒரு நடை டீசல்

மனைவி பிரகாசியின் பெயரைத் தாங்கிய விசைப்படகைச் சவேரியான் விற்றுவிட்டார். படகில் பெண்கள் கால் வைப்பது அந்தக் கரையில் வழக்கமில்லை. பிரகாசியும் அதில் ஏறியதேயில்லை.

வங்கிக்கு அவளையும் கூட்டிப்போய், விற்ற பணம் முழுவதையும் ரொக்கமாகக் கேட்டார். மறுநாளே திரும்பக் கட்டிவிடுவதாகவும் சொன்னார்.

“இவ்வளவு ரொக்கமா எடுத்தா வரி புடிச்சிருவோம் அண்ணாச்சி. நாளைக்கே போடுறதுக்கு எதுக்கு எடுக்கீங்க?” என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

“புடிங்கம்மா. கடலுக்கு ஒரு நடை போய்வர டீசல் போட்டேன்னு நெனச்சிக்கிடுதேன்.”

கட்டுகளை வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிரகாசியின் மடியில் அடுக்கினார். அவள் இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு கண்களை மூடினாள். உடம்பு மெல்ல அசைந்தது.

“ஆடுதுங்க,” என்றாள்.

சவேரியான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். “முகத்துவாரம் தாண்டுற வரைக்கும் படகு அப்படித்தான் ஆடும்.”